ஏழுமலை தொடாத கிளி

செய்தி வந்தபோது நான் எட்டாம் வகுப்புக்குப் பானை வரைந்து காட்டிக்கொண்டிருந்தேன். பானையின் இடது பக்கம் முடிந்திருந்தது, வலது பக்கம் பாதியில் நின்றது. வகுப்பு ஜன்னலுக்கு வெளியே மொபெட்டை நிறுத்திவிட்டு ஏழுமலையின் மனைவியுடைய தம்பி குமார் வந்து நின்றார். "டீச்சர், மாமா பூட்டாரு. காலைல பட்டறைல மார வலிக்குதுன்னு குந்துனாராம். அவ்ளோதான்."

சரி என்றேன். திரும்பி, பலகையில் பானையின் வலது பக்கத்தை முடித்தேன். பிள்ளைகள் பாதி வரைந்திருந்தார்கள், அவர்களை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று என்னவோ அப்போது தோன்றியது. இத்தனை வருடங்களாகப் பானை வரைகிறேன். இரண்டு பக்கமும் ஒட்டாமல் போனது அன்று ஒரு நாள்தான். மணி அடித்ததும் குமாரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வெள்ளானூர் போனேன்.

நெமிலிச்சேரி ரயிலடியில் தொடங்கி ஆவடி வரை உங்களில் பலருக்கு அவர் 'லைட் செட் ஏழுமலை'. ஆடி மாதம் கூழ் ஊற்றும் கோயில்களில் ஓலைக் கொட்டகை உயரத்துக்குப் பல்புகளால் அம்மனையும் மயிலையும் நிறுத்திக் கண்ணைப் பறித்தவர். பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறையில் ஃபிட்டர். அந்த ஏழுமலையைப் பற்றி என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒரு விஷயத்துக்காக. வரைவதைத் தவிர ஒன்றும் தெரியாத ஒரு டீச்சரை, மரக்கட்டையை அசைய வைக்கிறவளாக ஆக்கியவர் அவர். அதற்காகப் பிடிவாதமாக ஒன்றுமே செய்யாமல் இருந்தவரும் அவர்தான். என்னைவிட ஆறு வயது சின்னவர். நான் அவரை 'ஏழுமலை' என்றும் 'நீங்க' என்றும் கூப்பிடுவேன். அவருக்கு நான் கடைசிவரை 'டீச்சர்'.

எண்பதுகளின் நடுவில் பட்டாபிராம் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில்தான் அவரை முதலில் பார்த்தேன். பல்பு மயில் ஒன்று தோகையை விரித்து மூடிக்கொண்டிருந்தது. எல்லோரும் முன்னால் நின்று பார்த்தார்கள். எனக்கு எப்போதுமே அடங்காத குணம். தட்டியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே ஒரு மர உருளை மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன்மேல் பித்தளைத் தகடுகளைப் படிப்படியாக ஆணியடித்திருந்தார்கள். மேலே வரிசையாக நின்ற செப்புப் பட்டைகள் தகட்டைத் தொட்டால் அந்த வரிசைப் பல்பு எரியும், விட்டால் அணையும். மயில் அவ்வளவுதான். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"முன்னாடி போய் பாருங்கம்மா, இங்க இன்னா கீது? ஷாக் அடிச்சா யாரு பதில் சொல்றது?" என்றார், கையில் டெஸ்டருடன் குந்தியிருந்த ஆள்.

"முன்னாடி பார்த்துட்டேன். தோகை எப்படி விரியுதுன்னு இங்க வந்தாத்தானே தெரியும்?"

ஒரு நிமிடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து டார்ச்சை எடுத்து உருளையின் மேல் அடித்துக் காட்டினார். எந்தத் தகடு எந்த இறகு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பத்து வருடமாக அந்தத் தொழிலில் இருந்தாராம், பின்பக்கம் வந்து கேட்ட முதல் ஆள் நான்தானாம். இதை அவர் பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அன்றைக்கே அவரிடம் நான் டிராயிங் டீச்சர் என்பதையும் என் ஆசையையும் சொன்னேன். எனக்கு ஒரு கிளி செய்ய வேண்டும். யாராவது முன்னால் வந்து நின்றால் அது கழுத்தைத் திருப்பி அவரைப் பார்க்க வேண்டும். காரணம் கேட்டார். சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். கல்யாணமாகித் தென்காசியிலிருந்து ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் வருடம், ரேஷன் கடைக்குப் போய்வர முழு வீட்டு வரிசையையும் கடப்பேன். ஒரு முகம் திரும்பாது. தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்காரர்களும் அங்கே இருந்தார்கள். அவரவருக்கு அவரவர் ஊர்க்காரர். தென்காசியில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு கிளி இருந்தது. தெருவில் யார் போனாலும் கழுத்தைச் சாய்த்து ஒரு பார்வை பார்க்கும். அந்த வருடம் முழுக்க எனக்கு அந்தக் கிளிதான் நினைவு.

ஏழுமலை சிரிக்கவில்லை. "அப்ப பாக்க வர்றவங்கள அது பாக்கணும்," என்றார். "சரி டீச்சர், செய்ங்க. நான் பக்கத்துல கீறேன்."

"நானா? நீங்க செஞ்சு தருவீங்கன்னுல்ல கேட்டேன்."

"நான் செஞ்சா அது என் கிளி. உங்களுக்கு இன்னாத்துக்கு என் கிளி?"

அவர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். முதல் நாள் வந்தவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மூலையில் இருந்த என் தையல் மெஷினைக் காட்டினார். "கால் மேலயும் கீழயும் போவுது. சக்கரம் சுத்துது. அப்புறம் ஊசி மேலயும் கீழயும் போவுது. நடுவுல இன்னா நடக்குதுன்னு பாத்து வைங்க டீச்சர். அடுத்த வாரம் வர்றேன்." அதோடு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. அந்த வாரம் மெஷினைக் கவிழ்த்துப் போட்டு, ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். "மெஷினு செத்துப்போச்சா, இல்ல நீ கொன்னுட்டியா?" என்று கேட்டார்.

சுற்றுவதை ஆட்டமாக மாற்றும் அந்தச் சின்னத் தண்டும் தட்டும்தான் ரகசியம் என்று வியாழக்கிழமை எனக்குப் பிடிபட்டது. ஞாயிறு அவர் வந்ததும் அட்டையில் வெட்டிக் காட்டினேன். "மோட்டாருக்கு சுத்த மட்டும்தான் தெரியும் டீச்சர். தலைய ஆட்டறது எப்டின்னு நாமதான் அதுக்குச் சொல்லித்தரணும்," என்றார். அவர் சொன்னவற்றில் நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்ட முதல் வாக்கியம் அது.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நான் வேலை செய்யும்போது அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். அசெம்பிளியில் பிள்ளைகள் நிற்பது மாதிரி. புதுப்பேட்டையில் பழைய காரிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டாரை எங்கே வாங்குவது என்று சொல்வார், வாங்கி வர மாட்டார். சைக்கிள் பல்சக்கரத்தில் சங்கிலி போட்டு அதன் வேகத்தைக் குறைக்கலாம் என்பார், சங்கிலியைத் தொட மாட்டார். நான் முதல் தடவை சால்டரிங் அயர்னைப் பிடித்து ஈயத்தை உருக்கி, ஒயரில் வைக்காமல் கட்டைவிரலில் வைத்துக்கொண்டேன். அப்போதுகூட அந்தக் கை முன்னால் வரவில்லை. "தண்ணில வைங்க டீச்சர், தண்ணில," என்று மட்டும் பதறினார். கல்நெஞ்சுக்காரர் என்று அவரைப் பற்றி என் வீட்டுக்காரரிடம் புலம்பியிருக்கிறேன்.

ஆள் வந்து நிற்பது கிளிக்கு எப்படித் தெரியும்? அதற்கு ரிச்சி தெருவில் ஒரு சாமான் வாங்கினோம். எல்.டி.ஆர். என்பார்கள். சட்டைப் பித்தான் அளவுதான் இருக்கும். வெளிச்சம் பட்டால் கரண்ட்டை நன்றாக விடும், நிழல் விழுந்தால் இறுக்கிக்கொள்ளும். அந்த வித்தியாசத்தை ஒரு டிரான்சிஸ்டர் பெரிதாக்கி ரிலேவுக்குக் கொடுக்கும். ரிலே என்பது உள்ளே காயில் என்ற கம்பிச் சுருள் ஒன்றை வைத்துக்கொண்டு தானாகப் போட்டு அணைக்கிற ஒரு சுவிட்சு. அது 'டிக்' என்று ஒட்டினால் மோட்டார் சுற்றும், கிளி திரும்பும். இதெல்லாம் லைட் செட்டுக்காரரான அவருக்கும் புதிதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. வாராவாரம் அடுத்த படியைச் சொல்வார். எல்லாம் தெரிந்த மனிதர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டாவது மாதம் கிளி முதல் முறையாகத் தானாகத் திரும்பியது. முற்றத்தில் வைத்திருந்தோம், முன்னால் யாரும் இல்லை. மேலே ஒரு மேகம் போனது. வெயில் மங்கியது, டிக் என்றது, கிளி கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. மேகம் விலகியதும் பழையபடி திரும்பிக்கொண்டது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஏழுமலை அண்ணாந்து வானத்தைப் பார்த்துவிட்டு, "வுடுங்க டீச்சர், பெரியவங்க வந்தா மரியாதை குடுக்குது," என்றார். இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு அதன் கூச்சத்தைக் குறைக்க ஒரு திருகு வைத்து, ஆளின் நிழலுக்கு மட்டும் அசைகிற மாதிரி செய்ய எனக்கு மூன்று வாரம் ஆனது.

இனி நான் சொல்லப்போவதை அவர் உயிரோடு இருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

குவார்ட்டர்ஸ் சமுதாயக் கூடத்தில் கைவேலைக் கண்காட்சி. காலை பதினொரு மணிக்கு நடுவர்கள் வந்து பார்ப்பார்கள், தேர்வாகும் பொருள்கள் பட்டணத்தில் ஒரு மாதம் பெரிய கண்காட்சியில் இருக்கும். என் பதினொரு மாத உழைப்பு அது. பட்டணத்து ஜனம் வரிசையாக வந்து நிற்க, என் கிளி ஒவ்வொருவரையும் பார்க்க வேண்டும் என்று கனவு கண்டிருந்தேன். தென்காசிக்குக் கடிதம்கூடப் போட்டுவிட்டேன். காலை எட்டு மணிக்கே போய்க் கிளியை மேஜையில் வைத்து, கார் பேட்டரியை இணைத்தேன். வருகிற போகிற பிள்ளைகளையெல்லாம் அது பார்த்தது. ஒன்பதரைக்கு நின்றுபோனது.

மீட்டரை வைத்துப் பார்த்தேன், டிரான்சிஸ்டர் செத்திருந்தது. மாற்றினேன். பத்துப் பதினைந்து பேரைப் பார்த்தது, மறுபடி செத்தது. கையில் இருந்த கடைசி டிரான்சிஸ்டரையும் போட்டேன். அதுவும் போயிற்று. ஒன்பது மணி சுமாருக்கே வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்திருந்த ஏழுமலை என் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எங்கள் மேஜையை ஒட்டியே கூடத்துக் கமிட்டிக்காரர் ஒருவர் பெயர் லிஸ்ட்டும் பேனாவுமாக நின்றிருந்தார்.

"எப்ப சாவுது டீச்சர்? ஆளு வந்து நிக்கும்போதா, ஆளு போன பின்னாடியா?"

"எனக்கென்ன தெரியும்? நேரம் ஆகுது, நீங்க ஒரு கை பாருங்க."

"ரோசனை பண்ணுங்க. ஒட்டும்போதா, வுடும்போதா?"

"ஏழுமலை, கெஞ்சிக் கேட்டுக்கிறேன். பாருங்க."

அவர் அசையவில்லை. மூன்றாவது தடவையும் அதே கேள்வியைக் கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

பதினொரு மணிக்கு நடுவர்கள் வந்தார்கள். கிளி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. மூன்று பேரில் ஒருவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக ஏழுமலையிடம், "என்னப்பா, உன் பொம்மை ஓடலையா?" என்று கேட்டார்.

"டீச்சரோடது சார். நான் ஒரு ஸ்க்ரூ கூட முடுக்கல."

அவர்கள் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்கள். என் காதில் அந்த வாக்கியம் ஈயமாக இறங்கியது. ஓடாத பொம்மை என்றதும் கை கழுவுகிறான் மனிதன் என்று நினைத்தேன். பதினொரு மாதம் பக்கத்தில் நின்றுவிட்டு, நாலு பேர் முன்னால் எனக்குச் சம்பந்தமில்லை என்கிறானே என்று பொருமினேன். மனதுக்குள் 'அவர்' 'அவன்' ஆனது அந்த ஒரு முறைதான்.

இனி யாருக்காக அவசரப்பட வேண்டும்? மேஜைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, அவருடைய கேள்வியையே வேண்டாவெறுப்பாக யோசித்தேன். கடைசியாகக் கிளி பார்த்தது ஒரு சிறுமியை. அவள் நின்றபோது திரும்பியது. அவள் போனதும் டிக் என்று நின்றது. அடுத்த ஆள் வந்தபோது அசையவில்லை. ஆக, விடும்போதுதான் செத்திருக்கிறது. போன மாதம் ரிலேவிலிருந்து பேட்டரி ஒயரை உருவும்போது என் விரலில் சுருக்கென்று அடித்தது நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஷாக் அடிக்காதே. அப்படியென்றால் அடித்தது காயில். கரண்ட்டை நிறுத்தும்போது அது எதையோ திருப்பி உதைக்கிறது. அந்த உதை டிரான்சிஸ்டர் மேல் விழுகிறது. பல்பு வேலையில் இந்தத் தொல்லையே கிடையாது, பல்பு அணைந்தால் அணைந்ததுதான். பல்புக்காரரிடம் கற்றுக்கொண்ட நானும் காயிலைப் பல்பு மாதிரி நினைத்து வைத்திருந்தேன்.

"அந்த உதையைச் சுத்தி விட்டுடணும். காயிலுக்குக் குறுக்கே தலைகீழா ஒரு டையோடு போடணும்," என்றேன், பாதி எனக்கே.

பின்னால் கட்டியிருந்த கைகள் அப்போதுதான் பிரிந்தன. ஏழுமலை சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டில் மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தார். பிரித்தேன். உள்ளே, கரண்ட்டை ஒரே பக்கம் மட்டும் விடுகிற டையோடு ஒன்றும் இரண்டு டிரான்சிஸ்டரும் இருந்தன.

"காலைலேயே பையில இருந்துதா?"

"இருந்துச்சு டீச்சர்."

"தெரிஞ்சே நின்னீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். போங்க என்றேன். போய்விட்டார்.

டையோடை வைத்துப் பற்றவைத்தேன். ஒரு மணியிலிருந்து சாயங்காலம் கூடத்தைப் பூட்டும்வரை கிளி ஒருவரையும் விடாமல் பார்த்தது. தர்மபுரி பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பெண், கழுத்தில் மஞ்சள் கயிறுகூட நிறம் மங்காதவள், கிளி முன்னால் வந்து நின்றாள். போனாள், திரும்ப வந்தாள், மறுபடி வந்தாள். "என்னையப் பார்க்குதுக்கா," என்றாள். அவளுக்குப் பேச வேறு ஆள் இல்லை என்று தெரிந்தது. அவளை வீட்டுக்கு அழைத்துப் போய்க் காப்பி கொடுத்தேன். பட்டணத்துக்கு என் கிளி போகவில்லை. ஆனாலும் அதை எதற்காகச் செய்தேனோ அது அன்று மாலையே நடந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு ஆள் வேண்டியிருந்தது. சொல்ல வேண்டிய ஆளை நானே துரத்திவிட்டிருந்தேன்.

நாலு மாதம் பேசவில்லை. அந்த நாலு மாதத்தில் ஆத்திரத்தில் ஒரு கன்றுக்குட்டி செய்தேன். நெற்றியைத் தடவினால் தலையை ஆட்டும், வாலைத் தொட்டால் காதை விடைக்கும். அதற்கு இரண்டு ரிலே. முதல் வேலையாக இரண்டுக்கும் டையோடு வைத்தேன். ஓட்டிப் பார்த்து முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. மரம் வாங்கியதிலிருந்து கடைசி ஒயர் வரை யாரையும் எதுவும் கேட்காமல் செய்திருந்தேன். எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வெள்ளானூருக்கு பஸ் ஏறினேன்.

அவர் வீட்டு வாசலில் உருளைக்குத் தகடு அடித்துக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர்," என்றார், போன வாரம் பார்த்தவர் மாதிரி. உள்ளே இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார்: "வசந்தா, டீச்சருக்கு டீ வைம்மே."

"அன்னிக்கு ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

"வுடுங்க டீச்சர். ஏதோ கண்ணுக்குட்டி செய்றதா உங்க ஊட்டுக்காரரு சொன்னாரு. காது விடைக்குதாமே, எப்டி வச்சீங்க?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனையோ செய்தேன். யானை செய்தேன், கதவைத் தட்டினால் பதிலுக்குத் தட்டும் பெட்டி செய்தேன், பிள்ளைகள் சேர்ந்து கைதட்டினால் ஆடும் பொம்மலாட்டம் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று, கோணல் கேள்வி ஒன்று கேட்பார். நான் சண்டை போடுவேன். கேள்வி சரியாகத்தான் இருக்கும்.

ஒரே ஒரு முறை அவர் என்னிடம் ஒன்று கேட்டார். ஒரு காகிதத்தையும் பென்சிலையும் எடுத்து வந்து, "எனக்கு ஒரு கிளி வரையக் கத்துக்குடுங்க டீச்சர்," என்றார். என்னவோ வரைந்தார், காக்கைக்கும் கோழிக்கும் பொதுவாக ஒரு பிராணி வந்தது. எனக்குப் பொறுமை இருந்தால்தானே? "குடுங்க இப்படி," என்று பென்சிலைப் பிடுங்கி, நாலே கோட்டில் மூக்கும் முழியுமாக ஒரு கிளியைப் போட்டுக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "சோக்கா கீது. ஆனா இது உங்க கிளி டீச்சர்," என்றார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் அவர் கேட்கவே இல்லை. எனக்கும் அது உறைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகு, வசந்தா என்னை உள்ளே கூப்பிட்டார். பரணிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியைக் குமாரை விட்டு இறக்கினார். உள்ளே ஒரு கிளி இருந்தது. பிளைவுட்டில் அறுத்தது. பட்டறை மெஷின்களுக்கு அடிக்கும் கரும்பச்சைப் பெயிண்ட். ஒரு கண் பெரிது, ஒரு கண் சின்னது. மூக்கு அகப்பை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கீழே வைப்பர் மோட்டார், சைக்கிள் பல்சக்கரம், எல்.டி.ஆர்., ரிலே, எல்லாம் என்னுடையதில் இருந்த அதே வரிசையில் இருந்தன. ரிலேவின் காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடு.

"இது எப்பச் செஞ்சது வசந்தா?"

"உங்க கிளி கூடவேதான் டீச்சர். அவருக்கு இந்த டிரான்சிஸ்டர் எழவெல்லாம் இன்னா தெரியும்? ஆவடில ஒரு ரேடியோக்காரர் கிட்ட கேட்டுகினு வந்து, இங்க ஓட்டிப் பாத்துட்டுத்தான் ஞாயித்துக்கெளம உங்க ஊட்டுக்கு வருவாரு. டீச்சருது ஓடறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எனுது ஓடணும்னு சொல்லிகினே இருப்பாரு."

அந்த டையோடை விரலால் தொட்டுப் பார்த்தேன். வசந்தா தொடர்ந்தார்.

"அந்தக் கண்காட்சிக்கு மொத நாளு சாயங்காலம் இது நின்னு பூடுச்சு. ஓடிப்போய் ரேடியோக்காரரக் கேட்டு இந்த டையோட வாங்கியாந்து போட்டாரு. காலைல உங்களுக்குச் சொல்லலாம்னு உங்க ஊட்டுக்கு ஓடியாந்தா, நீங்க எப்பவோ கெளம்பிட்டீங்க. மண்டபத்துக்கு வந்தா அந்தக் கமிட்டி ஆளு நின்னுகினு கீறான். அவன் மொத நாளே இங்க வந்து, 'டீச்சரம்மாவுக்கு இதெல்லாம் எங்க வரும், லிஸ்ட்ல உன் பேரப் போட்டுடறேன் ஏழுமலை'ன்னு சொன்னவன். இவரு கத்தி அனுப்பிட்டாரு. 'அவன் கண்ணு முன்னாடி நான் கைய வச்சேன்னா, பேர அடிச்சி எழுதிடுவான் வசந்தா. அப்பறம் ஜென்மத்துக்கும் அது டீச்சர் கிளி இல்ல'ன்னாரு. அன்னிக்கு ஊட்டுக்கு வந்து சோறு துண்ணல. கைய பின்னால கட்டினது கட்டினபடியே வாசல்ல நின்னுகினு இருந்தாரு."

இதை ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் கமிட்டிக்காரரிடம் நான் சண்டைக்குப் போவேன் என்றாராம். அது உண்மைதான், போயிருப்பேன்.

இப்போதும் எனக்கு அவர்மேல் கோபம் முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. காதோரமாக ஒரு சொல் சொல்லியிருக்கலாம். உயிரோடு இருந்தால் இன்றைக்கே போய்ச் சண்டை போடுவேன், அவரும் தலையைக் குனிந்துகொண்டு டீ வைக்கச் சொல்வார். ஆனால் அந்த ஒரு நாள் அவர் கையை முன்னால் நீட்டியிருந்தால், கன்றுக்குட்டி வந்திருக்காது, யானை வந்திருக்காது. நான் இன்றும் ஒரு மயிலின் பின்னால் நின்று வாயைப் பிளந்துகொண்டிருப்பேன். ஒரு பொம்பளை செய்தாள் என்பது பொய்யாகிவிடக் கூடாது என்று ஒரு மனிதர் கெட்ட பெயரைச் சுமந்துகொண்டு நின்றிருக்கிறார். கெட்ட பெயர் வைத்தவள் நான்.

பேட்டரியை இணைத்துக் கிளியைத் தரையில் வைத்தேன். வசந்தா அதன் முன்னால் போய் உட்கார்ந்தார். டிக் என்றது. கரும்பச்சைக் கழுத்து ஒரு குலுங்கு குலுங்கித் திரும்பி, பெரிய கண்ணும் சின்னக் கண்ணுமாக அவரைப் பார்த்தது. வசந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முந்தானையை இறக்கிவிட்டு, "நீங்க எடுத்துகினு போய் இஸ்கூல்ல வைங்க டீச்சர். வர்ற பசங்களப் பாக்கட்டும்," என்றார். பிறகு கிளியின் முகத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அந்த மூக்கு மட்டும் கோணலா கீது. நீங்க நாலு கோடு போட்டா சரியாப் பூடும் இல்ல?"

என் பையில் எப்போதும் பென்சில் இருக்கும். எடுக்கக் கை போனது. கிளி இன்னும் வசந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இந்த ஒன்றுதான், அதுவும் இவ்வளவு தாமதமாக.

"வேண்டாம் வசந்தா," என்றேன். "அது ஏழுமலை கிளி."